மதாம்மா வீணையும் ஒன்பது எண் நோட்டீசும்

அத்தியாயம் 5

இதற்கு முந்தைய நான்கு அத்தியாயங்களில் துப்பறியும் பெருமாள்ராஜ் கண்டுபிடித்தது மொத்தம் ஓர் ஆடு. அதுவும் அவன் பேட்டைப் பக்கம் குப்புறப் படுத்துக் குளம்படி பார்த்துக்கொண்டிருந்தபோது, தானாகவே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் விஜயதசமி காலையில், பாளையங்கோட்டை சிஸ்டர் இங்கிரிட் நினைவு அறையிலிருந்து ஆள் வந்து, "திருட்டுப் போயிட்டு, உடனே கூப்பிடுதாங்க" என்றதும் அவன் தலையை இரண்டு முறை சீவிக்கொண்டான்.

உதவியாளர் முத்துராணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு வயது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி, வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் குடும்பத்தோடு மலையிலிருந்து கீழே இறங்கியபிறகு வேலை தேடி இவனிடம் வந்தவள். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டதற்கு, "கொழுந்து எது, முத்தல் எது, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றாள். கண்ணைத் திறந்துகொண்டே அது தெரியாதவன் அவன். உடனே சேர்த்துக்கொண்டான்.

"ஆடா அண்ணாச்சி, மாடா?" என்றாள்.

"வீணை."

"நல்லதுதான். அது தானா திரும்பி வராது. நாம போய்த்தான் ஆகணும்."

பெருமாள்ராஜின் காருக்குப் பின்கியர் கிடையாது. விழுந்துகொண்டிருந்த கியர் நான்கு வருடங்களுக்கு முன்பு விழுவதை நிறுத்திக்கொண்டது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே வரும் வழியை முதலில் யோசித்துக்கொள்ள வேண்டும். 'துப்பறிவாளனின் முன்னெச்சரிக்கை' என்று இதற்கு அவன் பெயர் வைத்திருந்தான். அன்றைக்கு முன்னெச்சரிக்கை தவறி, நினைவு அறையின் காம்பவுண்டுச் சுவருக்கு முக்கால் அடி முன்னால் கார் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் ஓடி வந்து, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தனி ஆளாகக் காரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

அவர்தான் குற்றவாளி என்று உள்ளே போனதும் சொன்னார்கள்.

சொன்னவர் தேவசிகாமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நினைவு அறைக் கமிட்டியின் தலைவர். எழுபது வயதிலும் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டிருந்தார். இடது கையில் கட்டைவிரல் தவிர்த்து நான்கு விரல் நுனிகளிலும் பிளாஸ்திரி.

"தோசைக்கல் சுட்டுட்டு" என்றார், பெருமாள்ராஜ் பார்ப்பதைப் பார்த்து.

"பாத்து ஐயா" என்றான் அவன். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

அறை சின்னது. சிஸ்டர் இங்கிரிட் படுத்த கட்டில், ஓட்டிய சைக்கிள், சுவரில் ஒரு புகைப்படம். அறுபது வருடங்களுக்கு முன்பு ஸ்வீடனிலிருந்து நர்சாக வந்த அம்மா. நடுவில் ஆள் உயரக் கண்ணாடி அலமாரி. அதில் விரித்திருந்த சிவப்பு வெல்வெட் துணி வெயில் பட்டு வெளுத்திருந்தது. பேரிக்காய் வடிவத்தில் ஓர் இடம் மட்டும் வெளுக்காமல் அப்படியே இருந்தது. அங்கே இருந்ததுதான் இப்போது இல்லை.

"ஸ்வீடன் லூட்டுன்னு பேரு" என்றார் தேவசிகாமணி. "வெள்ளைக்காரம்மா வீணைல்லா, ஊர்ல மதாம்மா வீணைன்னு சொல்லுவாங்க. அந்த நாட்டுப் பாட்டுக்காரங்க மடியில வச்சு மீட்டிக்கிட்டே கதைப்பாட்டுப் பாடுவாங்களாம். சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலா உக்காந்து நோயாளிகளுக்குப் பாடுவாங்க. ஒரு வார்த்தை யாருக்கும் விளங்காது. ஆனா எல்லாரும் தூங்கிருவாங்க. மொத்தம் பதினஞ்சு நரம்பு. எட்டை இடது கை விரலால அழுத்தணும். மீதி ஏழும் தடி நரம்பு, கழுத்துக்கு வெளிய தனியா ஓடும். அதை அழுத்தவே கூடாது. வலது கட்டைவிரலால பைய ஒரு தட்டுத் தட்டினாப் போதும்." சொல்லிக்கொண்டே காற்றில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

இவ்வளவு விவரமான ஒரு தலைவரை இதுவரை எந்தக் கமிட்டியிலும் பெருமாள்ராஜ் பார்த்ததில்லை. மெச்சித் தலையாட்டினான்.

விஷயம் இதுதான். நாளைக் காலையில் சிஸ்டரின் தம்பி மகள் ஸ்வீடனிலிருந்து வருகிறார். அவரும் நாட்டுப்புறப் பாட்டுக்காரர். அத்தையின் லூட்டை மடியில் வைத்து ஒரே ஒரு பாட்டுப் பாட வேண்டும், அதற்காகத்தான் வருகிறார். நேற்று மதியம் தூசி துடைக்க வந்த கமிட்டிச் செயலாளர் பாக்கியவதி டீச்சர் அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று தலைவரின் மேஜைக்குள். இன்னொன்று காவலாளி ஜேசுதாசனிடம்.

"இருபத்திரண்டு வருசமா வேலை பாக்குதான். நம்பத்தான் முடியலை" என்றார் தேவசிகாமணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள கிடைக்கலைன்னா போலீசுல எழுதிக் கொடுக்கணும், அவனும் குவாட்டர்ஸைக் காலி பண்ணணும்னு டீச்சர் பிடிவாதமா இருக்காங்க. ஒரு துப்பறியுத ஆளை வச்சுப் பாத்துரலாம்னு நான்தான் சொன்னேன். உங்க பேரையும் நான்தான் சொன்னேன்."

பெருமாள்ராஜுக்கு நெஞ்சு ஒரு சுற்று பெரிதானது.

ஜன்னலுக்கு வெளியே, ஓர் அறை மட்டும் கொண்ட குவாட்டர்ஸ் வாசலில் ஒரு பெண் சட்டி பானைகளைப் பழைய சேலையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜேசுதாசனின் மனைவி. நாலு மணி வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை.

ஜேசுதாசனைக் கூப்பிட்டார்கள். காரைத் தள்ளிய அதே கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எடுத்தீங்களா?" என்றான் பெருமாள்ராஜ். திடீரென்று கேட்டால் உண்மை வந்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தான்.

"நான் எடுக்கலை ஐயா. ஆனா மூணு மணிக்கெல்லாம் அங்கன..."

பெருமாள்ராஜ் கையை உயர்த்தினான். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். எடுத்தீங்களா, இல்லையா?"

"இல்லை ஐயா."

"போகலாம்."

ஜேசுதாசன் தலைவரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு போய்விட்டார். இந்த இடத்தில் விசாரணை முடிந்திருக்க வேண்டும், முடியாமல் போனதற்கு யார் காரணம் என்பதெல்லாம் பெருமாள்ராஜுக்கு மாலையில்தான் தெரியவந்தது.

முத்துராணி அதற்குள் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள். வெல்வெட்டின் பின்மடிப்பில் கை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் உள்ளே கம்பிகள். பழைய, கறுத்த நரம்புகள். ஒவ்வொன்றும் வளையமாகச் சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தது. மெல்லியது எட்டு, தடித்தது ஏழு. இரண்டு மட்டும் அறுந்தவை.

பெருமாள்ராஜ் கம்பிகளைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தான். காகிதத்திலிருந்து அவன் முகமே அவனைப் பார்த்தது. 'இராஜ் துப்பறியும் நிலையம். வரன் விசாரணை, காணாமல் போன பொருட்கள். ரகசியம் காக்கப்படும்.'

"முத்துராணி" என்றான், குரலை இறக்கி. "இது சவால். திருடன் என்னைத் தெரிஞ்ச ஆளு. 'முடிஞ்சா என்னைப் பிடி'ன்னு என் நோட்டீசையே வச்சிட்டுப் போயிருக்கான்."

"சவால்னா எண்ணெய் எதுக்கு?"

"என்ன எண்ணெய்?"

அவள் காகிதத்தை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். உளுந்த வடை வாசம் வந்தது. சவாலின் கம்பீரம் கொஞ்சம் குறைந்தது.

"இன்னொண்ணையும் பாருங்க. போன் நம்பரை எண்ணுங்க."

எண்ணினான். ஒன்பது எண்கள்தான் இருந்தன.

தேவசிகாமணிக்கு இது விளங்கவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். பெருமாள்ராஜ் முதலில் அடித்த ஐயாயிரம் நோட்டீசிலும் போன் நம்பரில் ஓர் எண்ணை விட்டுவிட்டார்கள். ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருந்தான், அச்சகத்துக்காரர்கள் அவனையே ரகசியமாகக் காத்துவிட்டார்கள். 'ஏன் ஒரு கேசும் வரவில்லை' என்று அவன் யோசிக்க ஆரம்பித்தபோது, பிழையைக் கண்டுபிடித்தவள் முத்துராணி. திருத்தி வேறு அடித்தார்கள். பழைய கட்டு முழுவதையும் அவள் எங்கேயோ கொடுத்துவிட்டாள்.

"எங்க கொடுத்த?"

"ஒரே இடத்துலதான் கொடுத்தேன்" என்றாள். "களக்காட்டுல முப்பிடாதி வடைக் கடையில. பொட்டலம் மடிக்க."

ஆக, உலகத்திலேயே ஒரே ஒரு கடையில் மட்டும் கிடைக்கும் காகிதம் அது. பெருமாள்ராஜின் வாழ்க்கையில் அவனுக்கு முதன்முதலாக உதவிய தடயம், அவனுடைய தவறே.

கார் நெடுஞ்சாலையில் தெற்கே ஓடியது.

"முத்துராணி, அந்தக் கம்பிகளை யோசி. வீணையைத் திருடுதவன் கம்பியையும் சேத்துல்லா கொண்டு போவான்? எதுக்குக் கழட்டி, சுத்தி, நூலால கட்டி வச்சிட்டுப் போகணும்?"

"நீங்க சொல்லுங்க."

"போன மாசம் இந்தக் காருக்கு பிரேக்கு மாத்தினான்ல அம்பலவாணன், அவன் என்ன செஞ்சான்? பழைய பிரேக்கு சாமானைப் பொட்டலம் கட்டிக் கையில கொடுத்தான். மாத்திட்டேன்னு வாய்வார்த்தைக்குச் சொல்லலை, இந்தா பாரும்னு. நம்ம ஊரு மெக்கானிக்கு எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வயித்தை அறுத்த டாக்டரு கூட அப்படிக் கொடுக்க மாட்டான். அப்போ வந்தவன் திருடன் இல்லை, பழுது பாக்குதவன். பழசை உடையவன்ட்ட ஒப்படைச்சிட்டு, வெறும் உடம்பை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நல்ல யோசனை தன் தலைக்கு வந்ததில்லை. பாராட்டு வரும் என்று பக்கத்து சீட்டைப் பார்த்தான். முத்துராணி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்குநேரிக் கோபுரம் தெரிந்து, கடந்து, பின்னால் போகும்வரை அவள் ஒரு கேலியும் பேசவில்லை. அவனோடு வேலை பார்க்கும் இந்த ஒரு வருடத்தில் அவள் முழுதாக அரைமணி நேரம் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. தன் புத்தியில் மலைத்துப் போயிருக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

களக்காட்டுச் சாலையில் திரும்பியதும் அவளே சொன்னாள்.

"முப்பிடாதி புருசன் ஃபிட்டரு அண்ணாச்சி. சுடலையாண்டி. மாஞ்சோலை ஃபேக்டரில இருபது வருசம் மெஷின் பாத்தவரு. கடைக்குப் பின்னாலதான் பட்டறை வச்சிருக்காரு. பொட்டலத்தைப் பாத்ததுமே எனக்கு அவரு நெனப்புத்தான் வந்துது. தோட்டத்து லய வரிசையில பக்கத்து வீடு அவங்க. இறங்கி வரும்போது ஒரே லாரியிலதான் சாமான் ஏத்துனோம். கீழ வந்து இப்பத்தான் நாலு பேரு நம்பி வேலை கொடுக்காங்க. கள்ளன்னு ஒரு பேச்சு வந்தா அத்தோட போச்சு."

"அப்புறம் ஏன் என்ட்ட சொன்ன?"

"அங்கன ஒருத்தி சட்டி பானையை மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாள்லா? நாங்களும் அப்படித்தான் கட்டினோம்."

பெருமாள்ராஜ் வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டான்.

முப்பிடாதி சுடச்சுட இரண்டு வடையைப் பொட்டலம் மடித்து நீட்டினாள். மேலே பெருமாள்ராஜின் முகம். அதில் எண்ணெய் வழிந்தது. நோட்டீசு முகத்தைச் சொல்கிறேன், நிஜ முகத்தில் வழிந்தது வேறு.

"அண்ணாச்சிதானா இது?" என்றாள் முப்பிடாதி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்து. "நல்ல காயிதம் அண்ணாச்சி. எண்ணெயை அப்படியே குடிச்சிருது. கட்டு தீரப் போகுது. இன்னொரு தடவ தப்பா அடிப்பியளா?"

"பாப்போம்மா" என்றான் பெருமாள்ராஜ். "உங்க வீட்டுக்காரரு எங்க?"

பின்பக்கப் பட்டறையில் முந்தைய நாள் ஆயுதபூஜை இன்னும் கலையாமல் இருந்தது. ஸ்பானர், சுத்தியல், ரம்பம், மோட்டாருக்குக் காயில் சுற்றும் இயந்திரம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு. அந்த வரிசையின் நடுவில், ஒரு வாழையிலை மேல், பேரிக்காயை நெடுக்காகப் பிளந்த வடிவில் ஒரு வாத்தியம். நீண்ட கழுத்து. கழுத்துக்குப் பக்கத்தில் தனியாக ஏழு தடித்த கம்பிகள். அதற்கும் பொட்டு வைத்து, ஒரு முழம் செவ்வந்தி சாத்தியிருந்தது. ஸ்வீடனிலிருந்து வந்து அறுபது வருடம் கிறிஸ்தவக் கோயில் காம்பவுண்டில் இருந்த வாத்தியத்துக்கு இது முதல் குங்குமம்.

ஐம்பது வயதுள்ள ஓர் ஒல்லி மனிதர் எழுந்து நின்றார். முத்துராணியைப் பார்த்து முகம் மலர்ந்தது. "வாம்மா. இதுதான் உங்க முதலாளியா? நோட்டீசுல பாத்தது."

"அந்த வீணை எங்கேருந்து வந்தது?" என்றான் பெருமாள்ராஜ்.

"பழுது பாக்க வந்தது. கால் ஒடிஞ்ச ஆளுக்கு எலும்பு ஒட்டுத மாதிரி வேலை அண்ணாச்சி. கம்பியைத் தாங்குத கட்டை பிடுங்கிக்கிட்டு வந்துட்டு. பச்சரிசி மாவு மாதிரி பழைய பசை எல்லாம் உதிர்ந்து கிடந்துது. தச்சாசாரிட்ட வச்சிரப் பசை வாங்கிக் காய்ச்சி ஒட்டுனேன். மெல்லிசுக் கம்பி வீணைக் கடையில கிடைச்சிட்டு. தடிக் கம்பி எங்கயும் இல்லை. இந்தா, காயில் சுத்துத மெஷின்லயே இரும்புக் கம்பி மேல செம்புக் கம்பியைச் சுத்தி ஏழையும் நானே செஞ்சேன்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை. "நேத்தே கொண்டு போய்க் கொடுக்கணும். ஆனா நேத்து பூஜையில வச்சிட்டேன். பூஜையில வச்சதை மறுநாள்தான எடுக்க முடியும்? இன்னைக்குச் சாயங்காலம் போகலாம்னு இருந்தேன்."

"பூஜையில ஏன் வச்சிய?" என்றாள் முத்துராணி.

"வேலை நடக்குத சாமான்லா. அதை மட்டும் தள்ளி வச்சா நல்லாவா இருக்கும்?"

திருடிய பொருளுக்கு எவனும் பொட்டு வைத்து ஊர் பார்க்க நடுவில் வைக்க மாட்டான். இதைச் சொல்ல பெருமாள்ராஜ் வாயைத் திறப்பதற்குள் முத்துராணி நீண்ட மூச்சு விட்டாள். அது போதும் என்று விட்டுவிட்டான்.

"உங்கள்ட்ட கொடுத்தது யாரு?"

சுடலையாண்டி தலையைக் குனிந்தார். "அதைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"மாமா" என்றாள் முத்துராணி. "அங்கன காவக்காரரைக் கள்ளன்னு சொல்லிட்டாங்க. நாலு மணிக்குப் போலீசு. அவரு வீட்டுக்காரி இப்பவே மூட்டை கட்டுதா."

அவர் முகம் செத்துப்போனது. கையிலிருந்த பழந்துணியைத் திருகினார். "எனக்கு இது தெரியாதே தாயி." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாக்குன்னா வாக்குதான். பேரை நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் இல்லைன்னு சொல்லாம இருக்கேன்."

பெருமாள்ராஜுக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. யோசிப்பது போல் காட்டிக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. லூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இடது கையால் கழுத்தைப் பிடித்து, தலைவர் சொன்னபடி எட்டில் நாலு கம்பியை அழுத்தி, வலது கட்டைவிரலால் ஒரு தடித்த கம்பியைத் தட்டினான். பட்டறைக்குள் ஆழமாக, மெதுவாக ஒரு நாதம் எழுந்து நின்றது. வெளியே முப்பிடாதியின் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது.

"பைய அண்ணாச்சி" என்றார் சுடலையாண்டி. "ரொம்ப முறுக்கக் கூடாது. இது ஒத்தை ஆளு பாட்டுக்குத் துணை போகுத சாமான். முன்ன யாரோ கோயில் ஆர்கனுக்குச் சமமா ஏத்திருக்காங்க. அதான் கட்டை பிடுங்கிட்டு."

பெருமாள்ராஜ் கையை உதறினான். விரல் நுனிகள் எரிந்தன. பார்த்தான். கம்பி அழுந்திய இடத்தில் சிவப்புக் கோடுகள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். கட்டைவிரல் மட்டும் தப்பித்திருந்தது, அது கழுத்துக்குப் பின்னால் இருந்ததால்.

இடது கை. நாலு விரல். நுனி மட்டும்.

"முத்துராணி. தோசைக்கல்லைக் கட்டைவிரல் படாம ஒருத்தன் எப்படித் தொடுவான்?"

"நான் காலையிலயே யோசிச்சேன்" என்றாள் அவள். "தொட்டுட்டு 'ஆ'ன்னு கையை எடுக்கத்தான் செய்வான். நாலு விரலையும் வரிசையா ஒவ்வொண்ணா வச்சு எடுக்க மாட்டான்."

"காலையிலயே யோசிச்சியா? ஏன் சொல்லலை?"

"நீங்க 'பாத்து ஐயா'ன்னு சொல்லி முடிச்சிட்டிய."

பெருமாள்ராஜ் சுடலையாண்டியைப் பார்த்தான். "தேவசிகாமணி ஐயா."

சுடலையாண்டி இல்லை என்று சொல்லவில்லை.

புறப்படும்போது கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று பெருமாள்ராஜ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பெயர் சொல்லாமல் தப்பித்த நன்றியோ என்னவோ, சுடலையாண்டி அவனை இறங்கச் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். இருபது நிமிடத்தில் எழுந்து வந்தார். "கியர் கம்பியில ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷு தேஞ்சிட்டு. வேற போட்டாச்சு. இனிமே பின்னால போகும்." பிறகு கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். பிரிக்காமலே பெருமாள்ராஜுக்குத் தெரிந்தது. உள்ளே பழைய புஷ், வெளியே அவன் முகம்.

தேவசிகாமணியின் வீட்டு முன்னறையில் மணி மூன்றேகால். நாற்காலியில் லூட்டைச் சாய்த்து வைத்தான் பெருமாள்ராஜ். குங்குமம் அப்படியே இருந்தது.

பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு பிளாஸ்திரி விரல்களை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"அந்த அம்மா வரும்போது அவங்க ஊர்ப் பாட்டை நானே வாசிச்சு வரவேற்கணும்னு ஆசை. யூடியூப் பாத்துப் பழகினேன். தினமும் மத்தியானம் அறையை அடைச்ச பிறகு. நாப்பது வருசம் கோயில்ல ஆர்கன் வாசிச்ச திமிரு. அந்தச் சுருதிக்கே ஏத்தினேன். டப்புன்னு பிடுங்கிட்டு. ஆர்கனோட காத்துப்பையைத் தச்சுக் கொடுத்த ஆளு சுடலையாண்டி, அவரைக் கூப்பிட்டேன். பழைய கம்பியை அங்கேயே கழட்டி, வடை கொண்டு வந்த காயிதத்துல மடிச்சுக் கொடுத்தாரு, நான்தான் வெல்வெட்டுக்குள்ள ஒளிச்சேன். நேத்துக் காலையில திரும்ப வந்துரும், ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். ஆயுதபூஜையை நான் யோசிக்கவே இல்லை."

"டீச்சர் கேட்டதுமே சொல்லியிருக்கலாமே ஐயா."

"முப்பத்தஞ்சு வருசம் பிள்ளைகளை 'உண்மையைச் சொல்லு'ன்னு அடிச்சிருக்கேன். எனக்கு வாய் வரலை. ஒரு நாளைத் தள்ளினா வீணை வந்துரும்னு நினைச்சேன். அதான் துப்பறியுத ஆளை வைக்கலாம்னு சொன்னேன்."

பெருமாள்ராஜுக்கு ஏதோ ஒன்று மெல்ல உறைத்தது. "ஐயா, எத்தனையோ பேரு இருக்க, ஏன் என்னை?"

தேவசிகாமணி தயங்கினார். நல்ல மனிதர். பொய் சொல்லி அப்போதுதான் களைத்திருந்தார்.

"விசாரிச்சேன் தம்பி. இந்த ஜில்லாவுல ஒண்ணையும் கண்டுபிடிக்க மாட்டாருன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னது உங்க பேரைத்தான்."

முத்துராணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. காலையில் ஒரு சுற்று பெரிதான பெருமாள்ராஜின் நெஞ்சு பழைய அளவுக்கு வந்து, அதையும் தாண்டிச் சுருங்கிப் போனது. ஆனாலும் அந்த முதியவர் நாலு விரலையும் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து அவனுக்குக் கோபம் வரவில்லை.

"தம்பி" என்றார் அவர். "வீணையை அலமாரிக்குள்ள வச்சிரலாம். எங்கயோ கிடைச்சுதுன்னு சொல்லிரலாம். உங்க நோட்டீசுலயே 'ரகசியம் காக்கப்படும்'னு போட்டிருக்கே."

பெருமாள்ராஜ் ஒரு நொடி சபலப்பட்டான். தன் நோட்டீசை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்.

"அந்த நோட்டீசுல போன் நம்பரே தப்பு ஐயா" என்றாள் முத்துராணி, சுவரைப் பார்த்தபடியே. "அதுல போட்டிருக்க எதுவும் செல்லாது."

"எங்கயோ கிடைச்சுதுன்னா" என்றான் பெருமாள்ராஜ், "ஜேசுதாசன் எங்கயோ ஒளிச்சு வச்சிருந்தாருன்னு ஆகிரும். கண்டுபிடிச்சது நான்னு எங்கயும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஆனா உடைச்சது யாருன்னு நீங்க சொல்லணும்."

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. பாக்கியவதி டீச்சர் புகார்க் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜேசுதாசன் வாசல் நிலையோரம் நின்றார். தேவசிகாமணி எழுந்தார். இங்கே வரும்வரை அழகாக ஒரு பேச்சு தயாரித்திருந்தார், எழுந்ததும் அது மறந்துவிட்டது. லூட்டை மேஜைமேல் வைத்து, பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்து, சிவந்த விரல்களை எல்லாருக்கும் முன்னால் விரித்துக் காட்டினார்.

"நான்தான் எடுத்தேன். நான்தான் உடைச்சேன். ஜேசுதாசா, என்னை மன்னிச்சிரு."

டீச்சர் கடிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், பிறகு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜேசுதாசன் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். லூட்டின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு அந்த விரல்களைப் பார்த்தார்.

"ரொம்ப எரியுதா சார்?" என்றார். "போன வாரமே தேங்காண்ணெய் கொண்டாந்து தரணும்னு நினைச்சேன்."

"போன வாரமா? உனக்குத் தெரியுமா?"

"மத்தியானம் மூணு மணிக்கு என் வீட்டுக்கு நல்லாக் கேக்கும் சார். முதல் நாள் பூனைன்னு நினைச்சோம். அப்புறம் பாட்டு மாதிரி வந்துது. என் வீட்டுக்காரி அதுக்காகவே பாத்திரம் கழுவுததை நிறுத்திட்டு உக்காந்திருப்பா."

"பின்ன ஏன்வே சொல்லலை?" என்றார் தேவசிகாமணி.

"சாரே சொல்லிருவாருன்னு இருந்தேன். மத்தவங்க எல்லாரும் 'நீ எடுத்தியா'ன்னுதான் கேட்டாங்க. 'ஏதாவது கேட்டுச்சா'ன்னு ஒருத்தரும் கேக்கலை." அவர் பெருமாள்ராஜ் பக்கம் திரும்பினார். குரலில் குத்தல் எதுவும் இல்லை, அதனாலேயே கூடுதலாகக் குத்தியது. "காலையில இந்த ஐயாட்ட, சத்தம் கேட்டதை மட்டுமாவது சொல்லலாம்னு ஆரம்பிச்சேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்னுட்டாரு."

முத்துராணி இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நேராகவே பெருமாள்ராஜைப் பார்த்தாள். களக்காடு வரை போய், தடயத்தை மோந்து, விரலைப் புண்ணாக்கிக் கண்டுபிடித்த உண்மை, காலையில் பத்தரை மணிக்கே கையைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அதைப் போகலாம் என்று அனுப்பியவன் அவனேதான்.

வெளியே வந்தபோது குவாட்டர்ஸ் வாசலில் சேலை முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது. சட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நினைவு அறைக்குள்ளிருந்து தடித்த கம்பி ஒன்று பதமாக அதிர்ந்தது. தேவசிகாமணி, இந்த முறை எல்லாரும் கேட்க, பைய ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண் கையிலிருந்த சட்டியோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பெருமாள்ராஜ் காரில் ஏறிப் பின்கியரைப் போட்டான். விழுந்தது. நான்கு வருடங்களுக்குப் பிறகு கார் பின்னால் நகர்ந்தது. அந்தப் பெருமையில் அவன் பின்னால் பார்க்க மறந்தான்.

"வரலாம், வரலாம்" என்றபடி ஜேசுதாசன் பின்பக்கம் ஓடி வந்தார். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் ஒடிங்க. வரலாம். போதும் ஐயா, சுவர் இருக்கு."

இந்தத் தடவை பெருமாள்ராஜ் அவர் சொன்னதைக் கேட்டான்.